அலகில் நூல் தொங்கிய காக்கை

ஆந்தை உருவ ரப்பர் ஸ்டாம்பை மையில் தொட்டு வாழ்த்து அட்டையில் அடித்து முடித்ததும் நாடீன் அதை உடனே துடைக்க மாட்டார். கைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கழிவுக் காகிதம் இருக்கும். அதில் ஒரு முறை அழுத்துவார். ஆந்தை கொஞ்சம் வெளுத்து விழும். இன்னொரு முறை அழுத்தினால் கண்ணும் நகமும் மட்டும் விழும். அடுத்து, ஆந்தை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் மூச்சு. அதற்கும் பிறகு வெறும் காகிதம். அந்த வெறுமையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதியானதும்தான் ஈரத்துணியை எடுப்பார். பிறகு காகிதத்தைக் கிழித்து, துண்டுகளை மேசைக்கடியில் இருக்கும் குப்பைக்கூடையில் போடாமல் தன் கோட்டுப் பையில் திணித்துக்கொள்வார்.

மற்றவர்கள் துடைக்கும் திரவத்தை ஒரு பீய்ச்சு பீய்ச்சி, ஒரு தேய்ப்புத் தேய்த்து டப்பாவில் எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். நாடீனுக்கு மட்டும் ஒவ்வொரு ஆந்தையையும் முழுதாக இல்லாமல் ஆக்கியாக வேண்டும்.

எங்கள் ஊரான எல்ம் ப்ரெய்ரியின் ஹார்டுவேர் கடையில் அவர் பெயின்ட் கலக்கும் மேசையில் நிற்பார். நான் ஆணி, போல்ட், கீல் வரிசையில். ஒருமுறை ஒருவர் செத்துப்போன தன் நாயின் கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து, கதவுக்கு இதே சிவப்பு வேண்டும் என்றார். நாடீன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மூன்று நிறமிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக் கொடுத்தார். அந்த மனிதர் மூடியில் தடவியிருந்த சொட்டைப் பார்த்ததும் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். நாடீன் மூடியை அழுத்தி மூடினார். டப்பாவின் மேல் தேதி எழுதினார். தேதியை மட்டும்தான். கலந்தவர் பெயர் எழுதும் கட்டத்தை அவர் எப்போதும் காலியாகவே விடுவார்.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம். எட்டொன்பது வருடம் முன்பு ஒரு பழைய காரில் வந்தார். பல் டாக்டர் வீட்டின் ஒரு பாதியில் குடியிருந்தார். காரை எங்கே நிறுத்தினாலும் மூக்கு தெருவைப் பார்த்திருக்கும்படி பின்னோக்கிச் செருகித்தான் நிறுத்துவார். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். குழுவாகப் படம் எடுக்கும்போதெல்லாம், "குடு, நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்வார். யாருடைய படத்திலும் அவர் இல்லை. இடது கைச் சுண்டுவிரல் நேராகவே நிற்கும். கோப்பையைப் பிடிக்கும்போது ஏதோ பணக்காரச் சீமாட்டி தேநீர் குடிப்பதுபோல இருக்கும். அதை வைத்து எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் கூடவே சிரிப்பார்.

சனிக்கிழமை காலைகளில் லுத்தரன் கிறிஸ்தவ சபையின் கீழ்த்தளத்தில் அட்டை செய்யும் பெண்கள் கூடுவார்கள். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது நாடீன்தான். கடையில் நான் எழுதிய விலைச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "உன் கையெழுத்து அழகா இருக்கு வெஸ். அட்டைக்குள்ள நாலு வரி எழுத எங்களுக்கு ஆள் இல்ல. பேச வேண்டாம், எழுதினா போதும்" என்றார். பேச வேண்டாம் என்பதால்தான் போனேன். பிறகு நானும் மை தேய்க்கவும் வெட்டவும் கற்றுக்கொண்டு, அவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

அங்கே தலைவி மார்வா. எழுபது வயது, பெரிய குரல். பூசணி ரொட்டியை வெண்ணெய் வழிய வெட்டிவைத்துவிட்டு, சாப்பிட்ட கையோடு அட்டையைத் தொட்டால் அடிப்பார். அவருக்கும் நாடீனுக்கும் வருடம் முழுக்க ஒரே சண்டை, அட்டையின் பின்பக்கத்தைப் பற்றி.

கையால் செய்த அட்டையின் பின்னால், அடியில் சின்னதாக, செய்தவரின் பெயரும் ஊரும் ஸ்டாம்பில் அடிப்பது எங்கள் வழக்கம். பெரிய ஓவியர்கள் மூலையில் கையெழுத்துப் போடுவதுபோல என்று மார்வா சொல்வார். நாடீன் அடிக்க மாட்டார்.

"பேரு போடாத அட்ட, அப்பன் யாருன்னு தெரியாத புள்ள மாதிரிடி" என்பார் மார்வா.

"புள்ள அழகா இருந்தா போதாதா? அப்பன வச்சு என்ன பண்ணப் போற?" என்பார் நாடீன்.

"கேட்டியா லவோன், இவ பேச்ச? சபைக்குக் கீழ உக்காந்துட்டு!"

லவோன் மார்வாவின் பக்கத்து வீட்டுக்காரர், குழுவில் மிகவும் மெதுவாகப் பேசுபவர். "மேல பாஸ்டர் தூங்கிட்டுத்தான் இருப்பாரு, பேசட்டும்" என்பார்.

இலையுதிர்காலத்தில், பேய்வேடப் பண்டிகையான ஹாலோவீனுக்கு முன்பு, பல மாநிலத்துப் பெண்கள் சேர்ந்து ஓர் அட்டை மாற்று நடத்துவார்கள். ஒவ்வொருவரும் ஒரே மாதிரி அட்டையைக் கட்டாகச் செய்து அயோவாவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் கலந்து, ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். முப்பது பேர் செய்த முப்பது விதமான ஹாலோவீன் நம் கைக்கு வந்து சேரும். பெயரில்லாத அட்டையை அங்கே ஏற்க மாட்டார்கள். அதனால் நாடீனின் அட்டைகளுக்குப் பின்னால் மார்வா தன் பெயரையே அடித்து அனுப்பிவிடுவார். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தி மார்வாவின் கைவண்ணத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பாள் என்பதில் நாடீனுக்குச் சந்தோஷம்.

அந்த வருடம் அவர் செய்தது மூடுபனியில் ஒரு வேலி. நிலாவுக்கு, வட்டமாக ஓட்டை வெட்டிய ஸ்டென்சில் தகட்டை வைத்து, ஓரத்திலிருந்து உள்ளே நோக்கித் தூரிகையால் சுற்றிச் சுற்றி மஞ்சள் மையைத் தேய்த்தார். பிறகு ஸ்டென்சிலை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி தேய்த்தார். நிலாவைச் சுற்றி ஓர் ஈர வளையம் வந்தது. வேலிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஆனால் பார்க்கிறவர் வேலிக்கு அப்பால் எதையோ தேடிக்கொண்டே இருப்பார்.

அக்டோபர் நடுவில் அயோவாவிலிருந்து கட்டுகள் வந்துசேர்ந்தன. சுடச்சுட ஆப்பிள் சாறு, மேசை நிறைய அட்டைகள். மார்வா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காக்காவப் பாருங்கடி! வாயில என்ன அது, நூடுல்ஸா?"

இலையில்லாத மரம், கிளையில் ஒரு காக்கை. கறுப்புத் தாளில் டை வைத்து வெட்டி ஆரஞ்சு வானத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். டை என்பது கூரான ஓரமுள்ள மெல்லிய எஃகுத் தகடு. தாளின் மேல் வைத்து, கைப்பிடி சுழற்றும் உருளை இயந்திரத்தில் அழுத்தி இழுத்தால் உருவம் வெட்டுப்பட்டு வரும். எல்லாக் கிளையும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. காக்கையின் அலகுக்குக் கீழே மட்டும் வெட்டுப்படாத தாள் ஒரு நூலாகத் தொங்கியது. அடியில், "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று ஸ்டாம்பில் அடித்திருந்தது. ஒளிந்து விளையாடும் கண்கள் இரண்டும் பக்கத்தில். மார்வாவிடமே அந்த ஸ்டாம்ப் இருக்கிறது. பாதிப் பேரிடம் இருக்கிறது.

"டை போயிருக்கு" என்றார் லவோன். "புதுசா சேந்தவளா இருக்கும். ஒரு நறுக்கு நறுக்கி விட்டிருக்கலாம்."

அட்டை கை மாறி நாடீனிடம் வந்தது. நான் எதிரில் இருந்தேன். அவர் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கினார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த எல்லாம் எங்கோ போய்விட்டன. கட்டைவிரல் நகத்தால் அந்த நூலைத் தொட்டார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம்: டி. ஹாஸ்கின்ஸ், கார்ட்லி, நெப்ராஸ்கா. சூடான சட்டியைக் கீழே வைப்பதுபோல அட்டையை மேசையில் வைத்தார்.

மார்வா எதையும் கவனிக்கவில்லை. பையிலிருந்து ரிப்பன் கட்டிய சின்னப் பெட்டியை எடுத்து நாடீனின் முன்னால் தள்ளினார்.

"பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கு, எனக்குப் பொறுக்கல. தெற."

உள்ளே மரப்பிடி போட்ட புது ஸ்டாம்ப். ஆர்டர் கொடுத்துச் செய்தது. நாடீனின் பெயர், எங்கள் ஊர், சுற்றி மேப்பிள் இலைகள்.

"ஒனக்குத்தான் வெக்கம், எனக்கென்ன வெக்கம்? இந்த வருஷம் ஒன் வேலிய அனுப்பறப்பவே எல்லாத்துக்கும் பின்னால இதையே அடிச்சிட்டேன். என் பேர்ல நீ பேரு வாங்கிக் குடுத்தது போதும்!" மார்வா கைகொட்டிச் சிரித்தார்.

"எல்லாத்துக்குமா?" என்றார் நாடீன்.

"ஒண்ணு விடாம."

"இந்தக் காக்காக்காரிக்கும் ஒண்ணு போயிருக்குமா?"

"போகாம? ஆளுக்கொண்ணுதானே கணக்கு. ஏண்டி, முகம் ஏன் மாவு மாதிரி ஆயிருச்சு? பிடிக்கலையா?"

"ரொம்ப அழகா இருக்கு மார்வா" என்றார் நாடீன். எழுந்து கழிவறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து, இப்போது தன்னால் கார் ஓட்ட முடியாது, கொண்டுபோய் விடுகிறாயா என்று என்னைக் கேட்டார். என் வண்டியில் ஏறினார். பல் டாக்டர் வீட்டின் முன்னால் நிறுத்தியும் இறங்கவில்லை. முதலில் திரைச்சீலைகளைப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறத்துக்குப் போகும் வழியை. மேப்பிள் இலைகள் கண்ணாடியின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"அந்தக் காக்காவக் கெடுத்தது நான்தான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அது என் டை, வெஸ். ரெண்டு டைய ஒண்ணு மேல ஒண்ணு ஏறவிட்டு உருட்டக் கூடாது. எஃகு எஃகக் கடிச்சிரும். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வாசல்ல அவன் வண்டி சத்தம் கேட்டுச்சு. அவன் உள்ள வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வைக்கணும். மரத்தையும் பூசணியையும் ஒண்ணா வச்சு அவசரமா உருட்டிட்டேன். டொக்குன்னு ஒரு சத்தம். அலகு இருக்கற எடத்துல பள்ளம் விழுந்துருச்சு. அப்புறம் வெட்டின ஒவ்வொரு காக்காவுக்கும் நூல் தொங்கும். நான்தான் கத்தரிச்சு விடுவேன்."

"அவர்னா..."

"ராய்ஸ். என் புருஷன். இப்பவும் சட்டப்படி அவன்தான்." தன் இடது கையைத் தூக்கி அந்த நேரான விரலைக் காட்டினார். "இது பொறவி இல்ல. ஒருநாள், 'நான் சுத்தறேன், நீ புடி'ன்னான். அந்த மிஷின. விரல் உள்ள இருக்கறது அவனுக்கு நல்லாத் தெரியும். மெதுவாத்தான் சுத்தினான்."

நான் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கைப்பையோட கெளம்பினவ நான். டை, ஸ்டாம்ப், மிஷின் எல்லாம் அங்கயே கெடந்துச்சு. கார்ட்லி எங்க ஊரு. அவன் இருக்கற ஊரு."

"போலீஸ்ல சொல்லலாமே."

"என்னன்னு சொல்ல? ஒரு காக்கா வந்திருக்குன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அந்த டைய அவர் யாருக்காவது வித்திருக்கலாமில்ல?" என்றேன்.

"ராய்ஸா? தேஞ்சுபோன ஷூ லேசக்கூடத் தூக்கிப் போட மாட்டான். அவனோடதுன்னு ஆயிட்டா அது அவனோடதுதான். அவன் வீட்டுல இருந்து ஒரு பொருள் வெளிய வருதுன்னா அவன்தான் அனுப்பறான். எவளையாவது சேத்து வச்சிருப்பான். இல்ல, எவ பேர்லயாவது அவனே சேந்திருப்பான். எந்த மேசையில நான் உக்காந்திருப்பேன்னு அவனுக்குத் தெரியாதா?" அவர் குரல் தணிந்தது. "நாடீன்ங்கறது என் நடுப்பேரு. அவனுக்குத் தெரியும். இப்ப ஊரும் தெரியும். மேப்பிள் எல சுத்திப் போட்டு அனுப்பியிருக்கா மார்வா."

அந்த ஹாஸ்கின்ஸ் என்கிற பெண்ணுக்கு எழுதிக் கேட்கலாமா என்றேன். என் கையை இறுகப் பிடித்தார். "எழுதாத. சத்தியம் பண்ணு. எழுதினா, அட்டைய நான் பாத்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும். இப்போதைக்கு எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். நான் பாத்தது அவனுக்குத் தெரியாது."

சத்தியம் செய்தேன்.

மார்வாவிடம் பாதியைச் சொன்னோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டு, "என் கையாலயே அடிச்சேனே" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து அயோவா அம்மாவுக்குப் போன் போட்டு, காக்கையைப் பற்றி மூச்சுவிடாமல், புது ஆட்கள் யார் யார் என்று ஊர்வம்பு பேசுவதுபோலக் கேட்டார். கார்ட்லியிலிருந்து சேர்ந்தவர் கோடையில்தான் சேர்ந்தாராம். யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் தபாலில். போன் எண் கொடுக்கவில்லை.

"கொடுக்க மாட்டான்" என்றார் நாடீன்.

லவோன் மெதுவாகச் சொன்னார்: "வரட்டும். எங்க வீட்டுக்காரர் மான் சுடற துப்பாக்கி இருக்கு. அவரு சுட்டா மான் மேல மட்டும் படாது, மத்ததெல்லாம் சாகும்." நாடீன்கூடச் சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே தலை கதவுப் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்குக் கடைக் கதவின் மணிதான் கேட்கிறது. ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் பெயின்ட் மேசையில் ஏதோ ஒன்று கீழே விழும், ஒரு குச்சி அல்லது ஒரு மூடி. ஒருமுறை குழந்தை அறைக்குக் கேட்ட வெளிர் நீலத்தில் கறுப்பு நிறமியை இரண்டு பீய்ச்சு விட்டுவிட்டு, மழைக்கு இருண்ட வானம் போலாகிவிட்ட டப்பாவைப் பார்த்தபடி நின்றார். உயரமான ஆள் யார் உள்ளே வந்தாலும் நான் போல்ட் வரிசையை விட்டு முன்னால் வந்து நிற்பேன். எனக்கு அந்த ராய்ஸின் முகம் தெரியாது. முகம் தெரியாததால் எல்லா முகமும் அவனாகவே இருந்தது. இரவில் போர்வைக்குள்ளும் எனக்குக் குளிரும். நெப்ராஸ்கா எண் பலகை போட்ட ஒரு சோள லாரி பெட்ரோல் நிலையத்தில் நின்றதைப் பார்த்து, அது கிளம்பிப் போகும்வரை எதிர்ச்சாரியில் காத்திருந்தேன்.

"போயிடலாமா வெஸ்?" என்று ஒருநாள் இடைவேளையில் கேட்டார். என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை. "மறுபடியும் எங்கயாவது. மறுபடியும் ஒரு பெயின்ட் கட. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆகுது. எத்தன தடவதான் யாரோ ஒருத்தியா ஆகறது?"

"இங்கயே இருங்க" என்றேன். "இங்க நாங்க இருக்கோம்."

"ஹாலோவீன் வரைக்கும் பாக்கறேன்" என்றார். "அன்னிக்கு முகமூடி போட்டுட்டு யாரு வேணா யாரு வீட்டு வாசலுக்கும் வரலாம். வர்றவன் அன்னிக்குத்தான் வருவான். அன்னிக்கு வரலன்னா இருந்துடறேன்."

எங்கள் ஊரில் அந்த மாலைக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். இருட்டத் தொடங்கும்போது தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதும். பிள்ளைகள் கிளம்புவார்கள். மறுபடி ஊதினால் வீடு திரும்ப வேண்டும். வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போகக் கூடாது. நாடீனின் வாசல் விளக்கு அந்த வருடம்தான் முதல்முறையாக அணைந்திருந்தது. நான் அவருடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் ஒரு கூடை நிறையக் குட்டி அட்டைகள். வௌவால் வடிவத்தில் வெட்டிய அட்டையின் வயிற்றில் ஒரு மிட்டாய் செருகியது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுப்பார். பழக்கத்தில் இந்த வருடமும் செய்துவிட்டார்.

விளக்கு இல்லை என்றாலும் பிள்ளைகள் வந்தார்கள். வௌவால் வீட்டை அவர்களால் விட முடியவில்லை.

"மிட்டாய் குடு, இல்லன்னா சேட்ட பண்ணுவோம்!"

நாடீன் அசையவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து கொடுத்தேன். ஒரு எலும்புக்கூடு, இரண்டு தேனீக்கள், அட்டைப்பெட்டியால் செய்த ஒரு டிராக்டர்.

"வௌவால் அத்தை எங்க?" என்றது டிராக்டர்.

"உள்ள இருக்காங்க."

"ஏன் இருட்டா இருக்கு? அவங்களும் பேயா?"

"போடா, ஒண்ணுக்கு மேல எடுக்காத" என்று தேனீ அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்தபோது நாடீன் திரைச்சீலையை ஒரு விரலளவு விலக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அங்க பாரு" என்றார். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

தெருவோர மேப்பிள் மரத்தின் கீழே ஓர் ஆள். உயரம். முகத்தில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட கோணிச் சாக்கு, கழுத்தில் கயிறு, கைகளில் வைக்கோல். சோளக்கொல்லை பொம்மை வேடம். கூட எந்தப் பிள்ளையும் இல்லை. அவன் அசையவில்லை. சாக்கு முகம் நேராக இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ராய்ஸ் அப்படித்தான் நிப்பான்" என்றார் நாடீன். "எடது தோள கொஞ்சம் எறக்கி."

இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

வாசல் கதவைத் திறந்தேன். படியிறங்கும்போது இலைகள் நொறுங்கிய சத்தம் இவ்வளவு பெரிதா என்று இருந்தது. பாதி வழியில் நின்று, "யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

சாக்கு முகம் என் பக்கம் திரும்பியது. வைக்கோல் கை மேலே எழுந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. சாக்கு விலகியது. உள்ளே, தானியக் கிடங்கில் வேலைசெய்யும் ஹோவி, வியர்த்த முகத்தோடு.

"என்ன வெஸ், நெசமாவே பேயப் பாத்தவன் மாதிரி நிக்கற?" சிரித்தார். "எங்க வீட்டு டிராக்டர் பக்கத்து வீட்டுக்குள்ள போச்சு. வெளிய வர்ற வழியக் காணோம். பெட்டி கதவுல மாட்டிக்கிச்சு போல. இந்தச் சாக்குல நின்னு தோள்பட்டையெல்லாம் ஊறுது."

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. அவர் கையைக் குலுக்கினேன். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வௌவாலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "ஹோவிதான்! நம்ம ஹோவி!" என்று கத்திக்கொண்டே சமையலறைக்குள் போனேன்.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். அவர் கார் சந்து முனையில் திரும்பிக்கொண்டிருந்தது, விளக்குப் போடாமல். கூப்பிட்டேன். தெரு முழுக்கப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் என் குரலும் ஒன்று.

அவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு முன்பே முடிவெடுத்திருந்தாரா, சாக்கு முகத்தைப் பார்த்த பிறகா, எனக்குத் தெரியாது. அலமாரியில் டைகளும் ஸ்டாம்புகளும் உறைகளில் வரிசையாக இருந்தன. இந்த முறையும் கைப்பை மட்டும்தான். மார்வா அவற்றைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்திருக்கிறார். யாரையும் தொட விடுவதில்லை. அந்த மேப்பிள் இலை ஸ்டாம்பை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது யாரும் யாரையும் அட்டையின் பின்பக்கத்தைப் பற்றிக் கேலி செய்வதில்லை.

அடுத்த வசந்தத்தில் அயோவாவில் அட்டைக்காரர்களின் சந்தை நடந்தது. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள். மார்வாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் மை வாங்கப் போனபோது நான் தனியாகச் சுற்றி வந்தேன். ஒரு மேசையில் அந்தக் காக்கை இருந்தது. பல நிறத் தாளில் வெட்டிய ஒரு கூட்டமே இருந்தது, ஒவ்வொன்றின் அலகிலும் நூலோடு. மேசைக்குப் பின்னால் பருத்த, சிரித்த முகத்தோடு ஒரு பெண்மணி. சட்டையில் குத்திய அட்டையில், டெல்மா ஹாஸ்கின்ஸ், கார்ட்லி.

நான் ஒரு காக்கையைக் கையில் எடுத்தேன். அவரே பேசினார்.

"புழுவக் கவ்விட்டுப் போற மாதிரி இருக்குல்ல? எல்லாரும் நறுக்குங்கறாங்க. எனக்கு மனசு வரல."

"டை... புதுசா வாங்கினதா?"

"அட நீ வேற! எட்டொன்பது வருஷமா பரண்ல கெடந்தது. போன வருஷம் மூட்டு ஆபரேஷன் பண்ணிட்டு உக்காந்திருந்தப்பதான் எடுத்தேன். எங்க தெருவுல ராய்ஸ்னு ஒருத்தரு வாசல்ல எல்லாத்தையும் பரப்பி வச்சாரு. பொண்டாட்டியோட சாமான். மிஷின், டை, ஸ்டாம்ப், துணிமணி, எல்லாம். எடுத்துட்டுப் போங்கன்னு சும்மாவே குடுத்தாரு. ஒண்ணக்கூட வச்சுக்கல. பாவம்."

"ஏன் பாவம்?"

"அவ செத்து அப்ப ஒரு வாரங்கூட ஆகல. அக்கா வீட்டுக்குப் போன எடத்துல திடீர்னு போயிட்டாளாம். அங்கயே அடக்கமும் பண்ணிட்டாங்களாம், அவருதான் வந்து சொன்னாரு. நாங்க தெருவே மொற போட்டு ஒரு மாசம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்பவும் அக்டோபர் வந்தா, மொதல் ஞாயித்துக்கெழம எங்க சபையில அவ ஞாபகமா வெள்ளப் பூ வைப்பாரு. பாஸ்டர் அவ பேரச் சொல்லுவாரு, நாங்க எழுந்து நிப்போம். ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல."